கிராஸ்மெம்பரைக் கடைசியில் செய்யுங்கள்: 120ஒய் காடியில் எஸ்ஆர்20 ஏற்றிய தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள். அப்பா ஓட்டிய டட்சன் 120ஒய் கார். ஈப்போவில் ஹாஃப்கட் கடையில் (வெட்டி எடுத்த பழைய காடிகளின் முன்பாதி விற்கும் கடை) வாங்கிய நிசான் எஸ்ஆர்20 எஞ்சின், டர்போ இல்லாத ரகம், அதோடு வந்த 71சி ஐந்து கியர் பெட்டி. கியர் பெட்டியை அடியில் தாங்கும் குறுக்குச் சட்டமான பழைய கிராஸ்மெம்பர் பொருந்தாததால் வெல்டிங் கடையில் 50 மில்லி சதுரக் குழாயில் புதிதாக ஒன்று செய்து மாட்டியிருக்கிறீர்கள். அது இப்போது காடியின் வயிற்றுக்குக் கீழே தொங்குகிறது. தோட்டத்துச் செம்மண் பாதையில் நடுமேடு இடிக்கிறது, டவுனில் வேகத்தடை உரசுகிறது. பெட்டியைத் தூக்கிவிடலாம் என்று அது உட்காரும் ரப்பர் மௌண்டிங்கில் 20 மில்லி ஸ்பேசர் கொடுத்தால் பெட்டியின் முதுகு டனலில், அதாவது காடித் தரையின் நடுவே மேலெழும்பி ஓடும் குகை மாதிரியான பகுதியில், முட்டுகிறது. சைலன்சர் குழாய் கிராஸ்மெம்பரை உரசிக் கத்துகிறது. போதாததற்கு 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் காடி முழுக்க அதிர்வு. ‘கிராஸ்மெம்பரை எந்த இடத்தில் வெட்டி ஒல்லியாக்கலாம்?’ என்பது கேள்வி.

வெட்டாதீர்கள். இப்போதைக்கு அதில் கையே வைக்க வேண்டாம்.

நீங்கள் நாலு தொல்லை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. கியர்பாக்ஸின் வால் தப்பான உயரத்தில் நிற்கிறது. கிராஸ்மெம்பர் என்பது அந்த வாலுக்குக் கொடுக்கும் முட்டு, அவ்வளவுதான். வால் தாழ்ந்தால் முட்டும் தாழும். எஞ்சினை இறக்கிய அன்றைக்கே வாலைத் தாங்க ஏதாவது வேண்டுமே என்று எல்லோரும் முதலில் கிராஸ்மெம்பரைச் செய்துவிடுகிறார்கள். பிறகு அதற்குப் பொருந்துகிற மாதிரி மற்ற எல்லாவற்றையும் வளைக்கிறார்கள். சுங்காயில் பழைய சாலை ஓரம் முப்பது வருடத்துக்கு மேல் ஃபோர்மன் வேலை பார்க்கிறேன். என்னிடம் வந்த மாற்றிய காடிகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். கிராஸ்மெம்பர் கடைசி நாள் வேலை. அதுவரை வால் ஜேக்கின் மேல் ஒரு மரக்கட்டையில் கிடக்கட்டும்.

வால் ஏன் தாழ்ந்தது என்று பார்ப்போம். 71சி என்ற பெயரில் இருக்கும் 71, பெட்டிக்குள் மேல் ஷாஃப்டுக்கும் கீழ் ஷாஃப்டுக்கும் உள்ள நடுத்தூரம், மில்லிமீட்டரில். 120ஒய்யில் கம்பெனி போட்ட நாலு கியர் பெட்டிகளுக்கு அந்த எண் 56 அல்லது 60. பத்துப் பதினைந்து மில்லிதானே என்று நினைக்கக் கூடாது. பல்சக்கரம், பேரிங், வெளி ஓடு எல்லாமே அதற்கேற்ப பெருத்திருக்கும். 1.2 லிட்டர் எஞ்சினுக்கு அளவெடுத்துத் தைத்த டனல் அது. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டாலாவது தொளதொளவென்று இருக்கும். இங்கே தம்பி சட்டைக்குள் அண்ணனை நுழைத்திருக்கிறோம்.

முன்பக்கம் இன்னொன்று நடந்திருக்கும். எஞ்சினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப், முன்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் வேறொரு கிராஸ்மெம்பரிலும் ஸ்டீயரிங் தண்டிலும் படக்கூடாது என்று எஞ்சினைக் கொஞ்சம் தூக்கி வைத்திருப்பார்கள். முன்பக்கம் உயர்ந்தது, பின்பக்கம் டனல் விடவில்லை. அப்படியானால் வால் கீழேதான் போகும். வால் கீழே போனதால் கிராஸ்மெம்பர் தொங்குகிறது. தொங்குவதால் சைலன்சருக்குப் போக வழியில்லை. வால் கீழ்நோக்கிச் சரிந்ததால், சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரோப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கெட்டு அதிர்வு வருகிறது. நான் ஒன்று என்று சொன்னது இதைத்தான்.

ஆகவே முதல் வேலை அளவெடுப்பது. ஸ்பேனரைத் தொட வேண்டாம். காடி நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும், சமதரையில், டயர் காற்று சரியாக இருக்க வேண்டும், எண்ணெய் (பெட்ரோல்) டாங்கியில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். உடம்பை ஸ்டாண்டில் ஏற்றிப் பின் அச்சைத் தொங்கவிட்டு அளந்தால் அந்த எண் குப்பைக்குத்தான் போகும். குழி இருக்கும் வெர்க்‌ஷாப் என்றால் நல்லது. இல்லாவிட்டால் நான்கு சக்கரத்துக்கும் ஒரே உயரத்தில் ரேம்ப் வையுங்கள். காந்தம் ஒட்டும் டிஜிட்டல் கோணமானி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், விலை பெரிதில்லை. கைப்பேசியில் பார்த்தாலும் ஓரளவுக்கு ஒத்துவரும்.

மூன்று இடத்தில் அளக்க வேண்டும். கியர்பாக்ஸின் சாய்வு, புரோப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு, டிஃப் (பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல்) மூக்கின் சாய்வு. கியர்பாக்ஸுக்கு, எஞ்சினின் முன் புல்லி முகத்தில் நிமிர்த்தி வைத்து அளந்தாலும் சரி. மூன்றையும் ‘பின்னால் போகப் போக எத்தனை டிகிரி இறங்குகிறது’ என்று ஒரே முறையில் எழுதுங்கள். ஒன்றை மேல்நோக்கியும் இன்னொன்றைக் கீழ்நோக்கியும் எழுதிக் குழப்பிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

உங்கள் காடியை நான் பார்க்கவில்லை. நீங்கள் சொன்ன அறிகுறியை வைத்து உத்தேசமாக ஒரு கணக்குப் போடுகிறேன். கியர்பாக்ஸ் 6 டிகிரி இறங்குகிறது, ஷாஃப்ட் 1.5, டிஃப் 2 என்று வையுங்கள். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் மடிந்து சுற்றும் மூட்டுதான் யூ-ஜாயிண்ட். முன் யூ-ஜாயிண்டில் மடிப்பு 6-இலிருந்து 1.5 போக 4.5 டிகிரி. பின் ஜாயிண்டில் 2-இலிருந்து 1.5 போக அரை டிகிரி. இதுதான் அதிர்வுக்கு ஊற்று. மடிந்த நிலையில் சுற்றும் யூ-ஜாயிண்ட் ஒரே சீராகச் சுற்றாது. உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை கூடிக் குறையும். 3 டிகிரி மடிப்பில் அந்த ஏற்ற இறக்கம் 0.14 விழுக்காடு, 7 டிகிரியில் 0.75, 10 டிகிரியில் ஒன்றரை. கோணம் இரண்டு மடங்கானால் குலுக்கல் நாலு மடங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். பின் ஜாயிண்டும் அதே அளவு மடிந்திருந்தால் முன்னது செய்த குளறுபடியைப் பின்னது சரிக்கட்டிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 3 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்காகப் பூஜ்யம் ஆக்கிவிடவும் கூடாது. உள்ளே இருக்கும் ஊசி பேரிங் கொஞ்சமாவது உருண்டால்தான் உயிரோடு இருக்கும். உருளாமல் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு இருந்தால் அங்கே பள்ளம் விழுந்துவிடும். அரை டிகிரியாவது வேண்டும்.

அதிர்வு கோணத்தாலா, ஷாஃப்ட் பேலன்ஸ் இல்லாததாலா என்று காசு செலவழிக்காமல் கண்டுபிடிக்கலாம். நேர்ச்சாலையில் 95-இல் போய் எண்ணெய் மிதியை அழுத்திப் பாருங்கள், விட்டுப் பாருங்கள், நியூட்ரலில் உருளவிட்டும் பாருங்கள். மூன்றிலும் அதிர்வு மாறவே இல்லை என்றால் பேலன்ஸ், அல்லது டயர். அழுத்தும்போது ஒரு மாதிரி, விடும்போது வேறு மாதிரி என்றால் கோணம். கைப்பேசியில் அதிர்வை அளக்கும் செயலி வைத்திருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். 175/60 டயர், 13 இஞ்ச் ரிம், டிஃப் பல் விகிதம் 3.9 என்றால் 90 கிலோமீட்டரில் ஷாஃப்ட் வினாடிக்கு 57 சுற்று சுற்றும். அதிர்வு 57 ஹெர்ட்ஸில் வந்தால் பேலன்ஸ். 115 பக்கம் வந்தால் பெரும்பாலும் யூ-ஜாயிண்ட் கோணம்.

இனி வாலைத் தூக்கும் கணக்கு. எஞ்சின் மௌண்டிங்கிலிருந்து கியர்பாக்ஸ் மௌண்டிங் வரை 900 மில்லி என்று வைக்கிறேன்; நீங்கள் அளந்து உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். வாலை 30 மில்லி தூக்கினால் கியர்பாக்ஸ் சாய்வு 1.9 டிகிரி குறைந்து 4.1-க்கு வரும். அதே நேரம் ஷாஃப்டின் முன்முனை உயர்வதால் ஷாஃப்டின் சாய்வு கூடும். 1200 மில்லி நீள ஷாஃப்டுக்கு ஏறக்குறைய 1.4 டிகிரி. அது 2.9 ஆகும். முன் ஜாயிண்ட் மடிப்பு 4.5-இலிருந்து 1.2-க்கு இறங்கிவிட்டது பாருங்கள். ஒரே தூக்கலில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அதனால்தான் இந்த வேலை தொடக்கத்தில் மலை மாதிரி தெரிந்தாலும் முடிவில் அவ்வளவு பெரிதாக இருப்பதில்லை.

பின்பக்கம் டிஃப் இன்னும் 2-இல் நிற்கிறது, ஷாஃப்ட் 2.9. இங்கே ஒன்றரை டிகிரி ஆப்பு வேண்டும். 120ஒய்க்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங் என்பது நமக்கு வசதி. ஸ்பிரிங்குக்கும் அச்சின் பீடத்துக்கும் நடுவில் இரும்பு ஆப்பு சொருகி மூக்கைத் தூக்கலாம். 3.5-க்கு வந்தால் பின் ஜாயிண்ட் மடிப்பு 0.6. முன்னது 1.2, பின்னது 0.6. சரிசமமாக்க இன்னும் அரை டிகிரி ஏற்றக் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது. எண்ணெயை அழுத்தும்போது பட்டை ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு டிஃப் மூக்கு தானாகவே மேலே எழும், அதற்கு இடம் விட வேண்டும். ஆப்பின் தடித்த பக்கம் முன்னாலா பின்னாலா என்பதில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். யூ-போல்ட்டைப் பாதி முறுக்கிக் கோணமானியை வைத்துப் பார்த்துவிட்டு மீதியை முறுக்குங்கள். அலுமினிய ஆப்பு வேண்டாம், நசுங்கி வெளியே வந்துவிடும்.

இப்போது டனல். 20 மில்லி ஸ்பேசரில் முட்டுகிறது என்றால் இப்போது மேலே இருக்கும் இடைவெளி பத்துச் சொச்சம்தான். 30 தூக்க வேண்டும், தூக்கிய பிறகு சுற்றிலும் 15 மில்லியாவது காலி இருக்க வேண்டும். எஞ்சின் ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது, முறுக்கும்போது ஆடும். ஆக டனல் ஏறக்குறைய 35 மில்லி மேலே போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு மில்லி என்றால் சுத்தியலால் அடித்து எடுத்துவிடலாம். 35-ஐ சுத்தியலால் எடுக்கப் பார்த்தால் ஷீட் கிழியும், பக்கத்து ஸ்பாட் வெல்ட் எல்லாம் விட்டுப்போகும். வெட்டித்தான் ஆக வேண்டும்.

வெட்டுவதற்கு முன் சீட், கார்ப்பெட், ஹேண்ட்பிரேக் மூடி எல்லாம் வெளியே. டனல் ஓரமாகவும் தரைக்கு அடியிலும் போகும் எண்ணெய்க் குழாய், பிரேக் குழாய், ஒயர் மூன்றையும் கண்ணால் பார்த்து நகர்த்துங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், எஸ்ஆர்20-இன் கம்ப்யூட்டர் பெட்டியையும் பிடுங்கி வெளியே வையுங்கள். பக்கத்தில் ஒருவர் தண்ணீரும் தீயணைப்பானும் வைத்துக்கொண்டு நிற்கட்டும். பழைய காடியில் கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் தார்ப்பூச்சு எப்படிப் புகையும் என்பது பார்த்தவருக்குத்தான் தெரியும்.

பெரிய சதுரமாக வெட்டி எடுக்க வேண்டாம். முட்டும் இடத்துக்கு மேலே மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தை மூடி மாதிரி மேலே மடித்துத் தூக்குங்கள். பிறகு பக்க இடைவெளியை 1.2 மில்லி ஷீட்டால் அடைத்து ஒட்டுங்கள். இந்தக் காடிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, டனல்தான் அதன் முதுகெலும்பு. வெட்டி அப்படியே விட்டுவிட்டு மேலே கார்ப்பெட் போர்த்திய காடி ஒன்று இங்கே வந்தது. ஜேக் வைத்துத் தூக்கினால் கதவு மூட மாட்டேன் என்றது. ஒட்டி முடித்ததும் இரண்டு பக்கமும் துருப்பூச்சு, ஓரத்தில் சீலர். நம் ஊர் மழைக்கு இதில் ஒரு நாள் சோம்பல் பட்டால் இரண்டு வருடத்தில் தரை வழியாக ரோடு தெரியும்.

முட்டுகிறதா இல்லையா என்பதைக் காதால் தீர்மானிக்காதீர்கள். பிள்ளைகள் விளையாடும் களிமண் ஒரு டப்பா வாங்கி, பெட்டியின் மேலே சந்தேகமான ஐந்தாறு இடத்தில் 20 மில்லி உருண்டையாக ஒட்டிவிட்டு, இப்போதிருக்கும் கிராஸ்மெம்பரையே ஸ்பேசர் வைத்துத் தற்காலிகமாக மாட்டி ஒரு சுற்று ஓட்டுங்கள். முதல் கியரில் கிளட்சைச் சட்டென்று விடுங்கள், ரிவர்ஸிலும் அப்படியே, ஒரு வேகத்தடையைக் கொஞ்சம் வேகமாக ஏறி இறங்குங்கள். இறக்கிப் பார்த்தால் எந்த உருண்டை எத்தனை மில்லிக்கு நசுங்கியது என்று தெரிந்துவிடும். 5 மில்லிக்குக் கீழே நசுங்கியிருந்தால் அந்த இடம் இன்னும் திறக்க வேண்டும். பெட்டியின் உடம்பை எல்லோரும் பார்ப்பார்கள்; ரிவர்ஸ் லைட் சுவிட்சையும் ஸ்பீடோ கேபிள் தலையையும் மறந்துவிடுவார்கள். முதலில் அடிபடுவது அவைதான்.

இதெல்லாம் முடிந்து வால் தன் இடத்தில் கட்டையின் மேல் நிற்கும்போது, இப்போது கிராஸ்மெம்பருக்கு வரலாம்.

ஒல்லியாக்குவதைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? 50 சதுரக் குழாய், 3 மில்லி கனம். அதற்குப் பதில் 50-க்கு 25 குழாயைப் படுக்க வைத்துப் போடலாம் என்று வெல்டிங் கடையில் சொல்லியிருப்பார்கள். உயரம் பாதியானால் விறைப்பும் பாதியாகும் என்று தோன்றும். ஆகாது, ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். வளைவுக்கு எதிராக நிற்பது உயரம்தான், அகலம் இல்லை. 38 சதுரம், அதே 3 மில்லி கனம் என்றால் ஒரு குழாய்க்கு ஐந்தில் இரண்டு பங்கு. ஆனால் அதையே இரண்டு போட்டால் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வந்துவிடும். உயரத்தில் 12 மில்லி மிச்சம்.

நான் செய்வது இதுதான். இரண்டு 38 குழாய். ஒன்று மௌண்டிங்குக்கு முன்னால், ஒன்று பின்னால், ஏணியின் இரண்டு கால் மாதிரி. நடுவில் அடிப்பக்கமாக 6 மில்லி தகடு ஒட்டி அதன் மேல் மௌண்டிங்கை உட்கார வைக்கிறேன். ஒற்றைக் குழாய் போட்டால் குழாயின் உயரம், அதற்கு மேல் மௌண்டிங்கின் உயரம் என்று இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கூடும். ஏணியில் மௌண்டிங் இரண்டு குழாய்க்கும் நடுவில் இறங்கி உட்கார்ந்துவிடும். 50 மில்லி குழாய் இருந்த இடத்தில் 6 மில்லி தகடுதான் மௌண்டிங்குக்கு அடியில் இருக்கும். தரை இடைவெளியில் கிடைக்கும் பெரிய லாபம் இங்கேதான். பெட்டியின் அடி ஓடு குழாயில் படாத மாதிரி இரண்டுக்கும் இடையே அளவு பார்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் சிரமம்.

உடம்போடு பிணைக்கும் இடம் இதைவிட முக்கியம். 1997-இல் என் சொந்த 120ஒய்யில் ஏ15 எஞ்சின் ஏற்றியபோது கிராஸ்மெம்பரைத் தரை ஷீட்டிலேயே நாலு போல்ட்டும் பெரிய வாஷரும் போட்டு முறுக்கினேன். வாஷர் போதும் என்று நினைத்த வயது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போகும் வழியில், பின் சீட்டில் பெரியம்மா வாழைக்குலையோடு, நடுமேட்டில் ஒரு இடி. போல்ட் தலை ஷீட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. வால் கீழே விழுந்தது, எஞ்சினின் முன்பக்கம் எழும்பி ஃபேன் ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கிழித்தது. செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். ஃபோர்மன் காடி டிராக்டர் பின்னால் வந்த கதை அந்தத் தோட்டத்தில் ஒரு வருடம் ஓடியது.

ஆகவே தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி மாதிரியான ரெயிலைத் தேடிப் பிடித்து அதில் பிணையுங்கள். அங்கே பழைய கம்பெனி ஓட்டை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். புதிதாகத் துளைத்தால், ரெயில் நசுங்காமல் இருக்கக் குறுக்கே ஒரு இரும்புக் குழாய்த் துண்டை நுழைத்து இரண்டு முனையும் ஒட்டி அதற்குள் போல்ட்டை விட வேண்டும். மேல்பக்கம் உள்ளங்கை அளவுக்கு 3 மில்லி தகடு. ஒரு பக்கத்துக்கு இரண்டு போல்ட், எம்10, தலையில் 8.8 என்று போட்டிருக்க வேண்டும், முறுக்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர். கிராஸ்மெம்பரை உடம்போடு ஒட்டிவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிளட்ச் மாற்றும் நாளில் கிரைண்டரைத் தேட வேண்டியிருக்கும்.

இவ்வளவு எதற்கு, பெட்டி என்ன முப்பது நாற்பது கிலோதானே என்றால், எடை ஒரு பக்கம், முறுக்கு ஒரு பக்கம். உங்கள் எஸ்ஆர்20 நிசான் சில்வியா எஸ்14 காடியிலிருந்து வந்தது என்றால் முறுக்கு 188 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 3.321. பெருக்கினால் ஷாஃப்டை 624 நியூட்டன் மீட்டரில் திருப்புகிறது. அதே வலுவோடு எஞ்சினும் பெட்டியும் எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும். 120ஒய்யின் பழைய 1.2 லிட்டர் எஞ்சினான ஏ12-இல் இது ஏறக்குறைய பாதிதான். பெரும்பங்கை எஞ்சின் மௌண்டிங் இரண்டும் வாங்கிக்கொள்ளும், மீதியும் பள்ளத்தில் விழும் அடியும் வாலுக்கு வரும்.

மௌண்டிங் ரப்பராகவே இருக்கட்டும். ஆட்டத்தை அடக்குகிறேன் என்று வாலில் மட்டும் இரும்புக் கட்டை வைத்தால், முன்னால் ரப்பரில் எஞ்சின் உருளும், பின்னால் வால் அசைய முடியாது, நடுவில் இருக்கும் அலுமினிய ஓடுதான் வெடிக்கும். கொஞ்சம் கடினமான பாலியூரித்தேன் வேண்டுமானால் போடலாம். எனக்கு அதுவும் அவ்வளவாகப் பிடிக்காது, கியர் சத்தம் எல்லாம் காதுக்குள் வரும்.

சைலன்சருக்கு வருவோம். ஏணிக் கிராஸ்மெம்பரின் ஒரு பக்கத்தில் இரண்டு குழாயையும் மேலே வளைத்து வாசல் மாதிரி வைத்துவிட்டால் குழாய் அதற்குள் போகும். வளைவு இருக்கும் இடத்தில் பலம் குறையும், உள்மூலையில் முக்கோணத் தகடு வைத்து ஒட்டுங்கள். அதற்கும் உயரம் போதவில்லை என்றால் அந்த ஓரடி நீளத்துக்கு மட்டும் குழாயை நீள்வட்டமாக நசுக்கலாம். 63 மில்லி குழாயை 40 உயரத்துக்கு நசுக்கினால் அகலம் 76 ஆகும், உள்ளே போகும் வழி 13 விழுக்காடுதான் குறையும், கிடைக்கும் உயரமோ 23 மில்லி. மணல் அடைத்துச் சூடாக்கிப் பிரஸ்ஸில் மெதுவாக அழுத்த வேண்டும்; அடைக்கிற மணலில் ஈரம் இருந்தால் நீராவி அடைப்பைத் துப்பாக்கி மாதிரி எறியும், காய வைத்த மணலே போட வேண்டும், இரண்டு முனையையும் இறுக அடைக்கவும் கூடாது. மௌண்டிங் ரப்பருக்கும் சைலன்சருக்கும் 25 மில்லியாவது விடுங்கள், நடுவில் ஒரு மெல்லிய தகடு மறைப்பு வையுங்கள். சூட்டில் வெந்த ரப்பர் ஒரு வருடத்தில் இட்லி மாதிரி ஆகிவிடும்.

தோட்டப் பாதை விஷயம். குலை லோரி ஓடி ஓடி இரண்டு பக்கமும் தடம் பள்ளமாகி, நடுவில் புல்லோடு மேடு நிற்கும். லோரிக்கு அது ஒன்றுமில்லை. 120ஒய்யில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 2340 மில்லி. நடுவில் 100 மில்லி உயரம் இருந்தால் ஏறித் தாண்டக்கூடிய முகட்டின் கோணம் 10 டிகிரி பக்கம், 150 இருந்தால் 14-க்கு மேல். டயர் அளவைச் சேர்க்காத தோராயக் கணக்கு இது. இந்த உயரத்தை ஆள் இல்லாமல் அளக்காதீர்கள். நாலு பேரை ஏற்றி, டாங்கியை நிரப்பி அளந்தால்தான் உண்மை தெரியும். ஸ்பிரிங்கை வெட்டி இறக்கியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இறக்கியிருந்தால், மேலே சொன்ன வேலை முழுவதையும் செய்து கிடைக்கும் லாபத்தை அங்கேயே இழந்துகொண்டு இருக்கிறீர்கள்.

எவ்வளவு தூக்கினாலும் ஒரு நாள் இடிக்கத்தான் செய்யும். அதற்காக முன் குழாயின் நெற்றியில் 3 மில்லி தகட்டைச் சாய்வாக ஒட்டுங்கள், படகின் மூக்கு மாதிரி. மேடு வந்து குத்தினால் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும். கிராஸ்மெம்பரின் போல்ட் தலைகள் கீழே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, கல்லில் தேய்ந்தால் பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. எஞ்சின் சம்ப் கிராஸ்மெம்பரைவிட உயரத்தில் இருக்கிறதா என்று ஒரு நேர்க்கட்டையை வைத்துப் பாருங்கள். இரும்பு அடிபட்டால் நசுங்கும், சம்ப் அடிபட்டால் எண்ணெய் முழுக்கப் பாதையில் கிடக்கும்.

கெரானில் (காடியின் உரிமைப் பத்திரம்) எஞ்சின் எண்ணும் சிசியும் மாற வேண்டும், அதற்கு வாகனப் பரிசோதனையும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதியும் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பரிசோதனைக்குப் போவதற்கு முன் இந்த வேலைகளை முடித்துவிடுங்கள். உரசிய தடமும் அரைகுறை ஒட்டும் தெரிந்தால் அங்கே கேள்வி வரும்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். வால் உயர்ந்ததால் ஷாஃப்டின் முன்முனை கியர்பாக்ஸுக்குள் எவ்வளவு நுழைகிறது என்பது மாறியிருக்கும். காடி தரையில் நிற்கும்போது அது இன்னும் 20 முதல் 25 மில்லி உள்ளே போக இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பள்ளத்தில் விழும்போது பெட்டியின் பின் பேரிங்கில் போய் இடிக்கும். பிறகு, பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, ஷாஃப்ட் டனலின் பின்பாதியில் எங்காவது தொடுகிறதா என்று குழியில் இறங்கிப் பாருங்கள். 200 கிலோமீட்டர் ஓடியதும் கிராஸ்மெம்பர் போல்ட், யூ-போல்ட் இரண்டையும் மறுபடி முறுக்குங்கள். போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் சேர்த்துப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால் நகர்ந்ததா என்று அடுத்த முறை குனிந்து பார்த்தாலே போதும்.

முதலில் அந்த மூன்று கோணத்தையும், மௌண்டிங்குக்கு மௌண்டிங் தூரத்தையும், ஷாஃப்ட் நீளத்தையும் அளந்து எழுதி அனுப்புங்கள். நான் போட்ட 30 மில்லி உங்கள் காடிக்கு 22 ஆகவும் இருக்கலாம், 40 ஆகவும் இருக்கலாம். அதைப் பார்த்த பிறகு டனலை எங்கே வெட்டுவது என்று கோடு போட்டுச் சொல்கிறேன்.